சீரகத் தண்ணீரை மருந்துச் சீட்டிலிருந்து மீட்போம்

வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடித்தால் தொப்பை கரையும். வெந்தயம் ஊறிய தண்ணீர் சுகரை இறக்கும். பட்டைத் தண்ணீர் கொழுப்பை எரிக்கும். வெள்ளரியும் புதினாவும் எலுமிச்சையும் மிதக்கும் தண்ணீர் உடம்பில் சேர்ந்த நச்சையெல்லாம் கழுவி வெளியேற்றும். இந்த நான்கையும் கேட்காத காது இன்று தமிழ்நாட்டில் இருக்காது. காலை நடைக்குப் போன இடத்தில் ஒருவர் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி அனுப்புகிறார். யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்டவரும் போடாதவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். மூலிகையும் மசாலாவும் போட்ட தண்ணீர் என்றாலே அது மருந்து என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்ட கருத்தாகிவிட்டது.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். அது உண்மையில்லை என்பது முதல் காரணம். அதை நம்பி நோயாளிகள் கெட்டுப்போகிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுவே பெரிது: மருந்து என்று பெயர் சூட்டியதால் அருமையான ஒரு குடிபான மரபை நாமே பாழாக்கிக்கொண்டிருக்கிறோம். சீரகம், சோம்பு, மல்லி, ஏலம், இஞ்சி, துளசி, புதினா, எலுமிச்சைப்புல், வெட்டிவேர், நன்னாரி ஆகியவற்றைத் தண்ணீரில் இட்டு, இனிப்பு எதுவும் சேர்க்காமல் எடுக்கும் பானங்கள் நம் வீட்டில் கிடைக்கக்கூடிய பானங்களிலேயே உயர்ந்தவை. அவை எந்த நோயையும் தீர்ப்பதால் உயர்ந்தவை ஆகவில்லை. மணமும் ருசியும் தந்துவிட்டு, உடம்புக்குள் ஒரு கிராம் சர்க்கரையைக்கூட இறக்காமல் போவதால் உயர்ந்தவை. இந்த ஒரே காரணம் போதும், வேறு காரணம் தேவையில்லை என்பதே என் வாதம்.

முதலில் நச்சு நீக்கும் கதையை எடுத்துக்கொள்வோம். நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. கல்லீரல் மருந்தையும் மதுவையும் உடம்பிலேயே உண்டாகும் கழிவையும் உருமாற்றி வெளியேறத்தக்கதாக்குகிறது. இந்த வேலைக்கு வெள்ளரித் துண்டின் உதவி தேவையில்லை. நச்சு நீக்கும் தண்ணீரைப் புகழ்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்த நச்சு? அதன் பெயர் என்ன, குடிப்பதற்கு முன் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது, குடித்த பின் எவ்வளவு ஆயிற்று? இதற்குப் பதில் வந்ததே இல்லை. உண்மையிலேயே கழிவு வெளியேறாமல் தேங்கி அவதிப்படுபவர் சிறுநீரகம் செயலிழந்தவர். அவருக்கோ மருத்துவர் தண்ணீரையே அளந்துதான் குடிக்கச் சொல்கிறார். தினமும் மூன்று லிட்டர் குடித்து நச்சைக் கழுவுங்கள் என்ற அறிவுரை அவருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்கிறது என்பதை அனுப்புபவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும்.

அடுத்தது கொழுப்பைக் கரைப்பது. உடம்பில் சேரும் கொழுப்பு நாம் செலவழிக்காமல் விட்ட ஆற்றலின் சேமிப்பு. ஒரு கிலோவில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. உண்பதைவிட அதிகம் செலவழித்தால் அது குறையும். சுடுதண்ணீரில் மிதந்த ஒரு ஸ்பூன் சீரகம் அந்தக் கணக்கை மாற்றுவதில்லை. ஆய்வு இருக்கிறதே என்பார்கள். சீரகப் பொடியைத் தயிரில் கலந்து உடல் பருத்த பெண்களுக்கு உண்ணக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஈரானில் நடந்திருக்கிறது. அது சிறிய ஆய்வு. அதில் கலந்துகொண்ட பெண்கள் உணவுக் கட்டுப்பாட்டிலும் இருந்தார்கள். பொடியை உண்பது ஒன்று, சீரகம் கொதித்த நீரை வடிகட்டிக் குடிப்பது வேறொன்று.

வெந்தயத்தின் கதையும் இதுதான், இன்னும் தெளிவாக. வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சுக்குப் பின்னால் மெய்யான ஆராய்ச்சி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980களிலும் 1990ஐ ஒட்டியும் அந்த வேலை நடந்தது. ஆனால் அங்கே கொடுத்தது ஊறிய தண்ணீரை இல்லை. கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை உணவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வெந்தயத்தின் வேலையில் பெரும்பங்கு அதிலுள்ள கரையும் நார்ச்சத்துடையது. அது குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைச் செடிக்குக் கொட்டுபவர், அந்த ஆராய்ச்சி எதைப் பாராட்டியதோ அதைத்தான் செடிக்குக் கொட்டுகிறார்.

இங்கே ஒருவர் எழுந்து, எங்கள் பெரியம்மாவுக்கு மூன்று மாதம் சீரகத் தண்ணீர் குடித்து எடை குறைந்தது, சுகரும் இறங்கியது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். நான் அதை நம்புகிறேன். அது நடக்கக்கூடியதே. ஆனால் பெரியம்மா அந்த மூன்று மாதம் எதைக் குடிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு டீ குடிப்பவருக்கு டீயிலிருந்து மட்டும் 32 கிராம் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றின் சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. வளர்ந்தவருக்கு அது சுமார் 50 கிராம். 5 விழுக்காடு, அதாவது 25 கிராம் அளவுக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. காலையிலும் மாலையிலும் ஒரு டீயை விட்டுச் சீரகத் தண்ணீருக்கு மாறியவர் நாளுக்கு 16 கிராம் சர்க்கரையை விட்டிருக்கிறார். ஆண்டுக்கு அது ஏறக்குறைய 6 கிலோ. பெரியம்மாவின் உடம்பு அதற்குத்தான் நன்றி சொன்னது. சீரகத்தின் பங்கு, அந்த இரண்டு டீயையும் ஏக்கமில்லாமல் விட வைத்தது. அந்தப் பங்கு பெரியது. அதை உள்ளபடி சொன்னால் இன்னும் பலர் பயன்பெறுவார்கள். கொழுப்பு கரைந்தது என்று சொன்னாலோ, கேட்பவர் நான்கு டீயையும் வழக்கம்போலக் குடித்துக்கொண்டு அதன்மேல் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரையும் குடிப்பார். எதுவும் குறையாது. பிறகு சீரகத்தின்மேல் பழி விழும்.

இது வெறும் கருத்து வேறுபாடாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. இத்தனை கோடி மனிதர்களில் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு கசாயத்தை நம்பியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கண்ணும் காலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகு மருத்துவமனைக்குத் திரும்புகிறார்கள். நீரிழிவையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. அந்த இரண்டு நோய்களின் பெயர்களும் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஒரு கம்பெனி பாட்டிலில் அச்சடித்தால் குற்றமாகும் வாக்கியத்தை நாம் அன்பின் பெயரால் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மருந்து என்று நினைத்தவுடன் அளவு கூடுகிறது. அதுவும் ஆபத்து. கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, முரட்டுத் தோலான காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. அது அதிகம் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. இலங்கையின் மெல்லிய, சுருள் சுருளான கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. மணத்துக்காக ஒரு சிறு துண்டைப் போடுபவருக்கு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. சுகர் இறங்கட்டும் என்று தினமும் ஸ்பூன் ஸ்பூனாகப் பொடியைக் கலக்குபவர்தான் கவலைப்பட வேண்டும். அதிமதுரமும் அப்படித்தான். சர்க்கரையில்லாமல் இனிக்கிறதே என்று நாள்தோறும் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பச்சைக் குழந்தைக்கு வயிறு சரியாகட்டும் என்று ஓமத் தண்ணீரும் சோம்புத் தண்ணீரும் புகட்டும் பழக்கம் இன்னும் மோசம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே மருத்துவ உலகின் அறிவுரை. பானத்தைப் பானமாகப் பார்த்திருந்தால் ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இனி எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணத்துக்கு வருகிறேன். மருந்தை யாரும் ரசித்துக் குடிப்பதில்லை. சீரகத் தண்ணீர் மருந்தானதும் அது காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதாகிவிட்டது. ஒரு மண்டலம் குடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறார்கள். மருந்து கடுமையாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று அள்ளிப்போட்டுக் கொதிக்கவிட்டு, கசந்து கருத்த ஒன்றை இறக்குகிறார்கள். எடை குறையவில்லை என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் அதன் பக்கமே வருவதில்லை. மாலையில் விருந்தாளி வந்தால் என்ன நடக்கிறது? ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் வெளியே வருகிறது. மூலிகைத் தண்ணீருக்கு மருந்து அலமாரியில் இடம் கொடுத்துவிட்டோம். விருந்துக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய இடத்தைச் சர்க்கரைத் தண்ணீருக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதை எதிர்த்து நிற்க வேண்டிய பானத்தையே நாம் களத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறோம்.

மருந்துப் பேச்சு இன்னொரு வழியிலும் சர்க்கரைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எடை குறைய எலுமிச்சையும் தேனும் என்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. சுக்குமல்லிக் காப்பி உடம்புக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். அதில் கரைந்திருப்பது கருப்பட்டி. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் நோயாளிக்குக்கூடப் பரவாயில்லை என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டி அருமையான பொருள். பனையேறிகளின் உழைப்பில் வருவது, அதற்கேயுரிய மணமுள்ளது. அதை இனிப்பாக எண்ணி அளவோடு ருசிப்பதே அதற்கு மரியாதை. மருந்தின் பெயரால் நாளுக்கு மூன்று வேளை கரைத்துக் குடித்தால், 100 கிராமுக்கு ஏறக்குறைய 380 கிலோகலோரி கொண்ட அது வெள்ளைச் சர்க்கரை செய்வதையே செய்யும். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு தமிழக வணிகர்கள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். உள்ளூர் சோடாக்களுக்கு அதனால் வாழ்வு கிடைத்தது. ஆனால் வெளிநாட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விட்டு உள்ளூர்ச் சர்க்கரைத் தண்ணீருக்கு மாறியதில் நம் கணையத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. கடையிலும் வீட்டிலும் இனிப்பில்லாத பானத்துக்கு ஓர் இடம் கேட்கும் வாய்ப்பு அப்போது இருந்தது. நாம் கேட்கவில்லை.

சர்க்கரையில்லாத பாட்டில் பானங்கள் வந்துவிட்டனவே, அவற்றிலும் கலோரி பூஜ்யம்தானே என்று கேட்கலாம். தினமும் கோலா குடிப்பவர் அதற்கு மாறினால் சர்க்கரை குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயற்கை இனிப்பைப் பற்றிப் பீதி கிளப்பவும் எனக்கு விருப்பமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவ்வகை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்கிறது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. பானம் என்றால் இனித்தாக வேண்டும் என்ற விதியை அந்த பாட்டில் அப்படியே காப்பாற்றுகிறது. அந்த விதியைத்தான் உடைக்க வேண்டும்.

இனிக்காவிட்டால் குடிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் நம் மூக்கில் இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மேலேறும் ஆவியை மூக்கு உணர்கிறது. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான். சீரகம், ஏலம், துளசி, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் எண்ணெய்கள் மிகச் சிறிய அளவிலேயே மூக்கை நிறைத்துவிடும். அதனால்தான் கலோரி ஏறாமல் மணம் ஏறுகிறது. சோம்பிலுள்ள அனத்தோல் என்ற பொருளுக்கு இயல்பாகவே இனிப்பு உண்டு. சோம்புத் தண்ணீரில் ஒரு துளி சர்க்கரை இல்லாமலே நாக்கு இனிப்பை உணர்வது இதனால். மெந்தால் நாவிலும் தொண்டையிலும் உள்ள குளிர் உணரும் ஏற்பியைத் தொட்டு எழுப்புகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த வேலைக்கும் மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த வேலைக்கும் 2021இன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு உண்டு. இஞ்சியின் சுளீர் என்ற காரம் காயும்போது வேதிமாற்றம் அடைந்து இன்னும் கூர்மையாகிறது. அதனால் இஞ்சித் தண்ணீரும் சுக்குத் தண்ணீரும் இரண்டு தனித்தனிப் பானங்கள். இத்தனை உணர்வுகளும் சர்க்கரை ஊற்றியவுடன் மங்கிப்போகின்றன.

நன்னாரியைப் போல இதற்குச் சாட்சி சொல்லும் பொருள் வேறில்லை. நன்னாரி என்றதும் நமக்கு நினைவு வருவது பாகு போல நாவில் ஒட்டும் சர்பத். அந்த வேரின் மணப்பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. அதே அணுக்கள், அமைந்திருக்கும் இடம் மட்டும் வேறு. நல்ல வேரைக் கழுவி, லேசாகத் தட்டி, ஒரு பானைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்துக் காலையில் குடித்துப் பார்த்தவர்களுக்குச் சர்பத்தில் இத்தனை நாள் எதை இழந்தோம் என்று தெரிந்துவிடும். மண்ணும் வேரும் பூவும் கலந்த அந்த மணத்துக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மருந்துப் பேச்சு நம்மைக் கைவிடவைத்தது இந்தக் கைப்பக்குவத்தை. எதைக் கொதிக்கவிட வேண்டும், எதைக் கொதிக்கவிடக் கூடாது என்ற அறிவு அதில் முதல் பாடம். சீரகம், மல்லி, சோம்பு, ஏலம் போன்ற விதைகள் தங்கள் எண்ணெயை உள்ளே பூட்டிவைத்திருப்பவை. அவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, கொதிக்கும் நீரில் போட்டு, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். இரண்டு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சீரகம் போதும். நீர் வெளிர் பொன்னிறமாக இருக்க வேண்டும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் சமையலறையில் போய்விடும், பாத்திரத்தில் கசப்பு மட்டும் மிஞ்சும். சீரகத்தை வறுத்துப் போட்டால் வேறு ருசி, வறுக்காமல் போட்டால் வேறு ருசி. துளசியும் புதினாவும் மென்மையானவை. அவற்றைக் கொதிக்கவைத்தால் கீரைத் தண்ணீர் வாடை வந்துவிடும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய நீரில் ஒரு கொத்தைக் கையால் கசக்கிப் போட்டு மூடி, பத்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டு, தண்டை அம்மியிலோ உரலிலோ ஒரு தட்டுத் தட்டிப் போட வேண்டும். எலுமிச்சையில் சாற்றைவிட மேல்தோல் மணம் மிக்கது. அடியிலுள்ள வெள்ளைப் பகுதி வராமல் மெல்லச் சீவிப் போட்டால் புளிப்பும் இல்லை, பல் கூசுவதும் இல்லை.

வெட்டிவேருக்குச் சூடே ஆகாது. நாலைந்து தண்ணீரில் மண் போக அலசி, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, ஆறின நீர் நிரம்பிய மண்பானையில் இரவில் போட்டுவிட வேண்டும். வேரை வெயிலில் காயவைத்துச் சில நாள் திரும்பப் பயன்படுத்தலாம். மணம் குறைந்ததும் மாற்றிவிட வேண்டும். பதிமுகம் என்ற மரக்கட்டையின் அழகு அதன் நிறம். சில சிறாய்கள் போட்டதும் கொதிநீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாக மாறும். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். எந்தப் பானமானாலும் இலையை நன்றாகக் கழுவ வேண்டும், நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நம் வெயிலில் பச்சை இலையும் பழத்துண்டும் கிடக்கும் தண்ணீர் வெளியில் நெடுநேரம் தாங்காது.

பதிமுகம் கேரளத்தை நினைவூட்டுகிறது. அங்கே உணவகத்தில் உட்கார்ந்ததும் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரோ இளஞ்சிவப்புப் பதிமுகத் தண்ணீரோ டம்ளரில் வந்துவிடும். நம் குமரி மாவட்டத்து வீடுகளிலும் இது வழக்கம்தான். தாகத்துக்கு என்று விற்கும் பொடிப் பொட்டலங்களில் மருத்துவக் குணங்கள் அச்சாகியிருக்கின்றன. ஆனால் மேசையில் அவற்றைப் பற்றிப் பேச்சில்லை. அது சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீர், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பழக்கம் தலைமுறை தாண்டி நிற்கிறது. அந்தப் பழக்கத்தால் உடம்புக்கு உறுதியாகக் கிடைத்த நன்மை ஒன்று உண்டென்றால், தண்ணீர் கொதிக்கவைக்கப்பட்டது என்பதே. காலராவையும் டைபாய்டையும் மஞ்சள் காமாலையையும் பரப்பும் கிருமிகள் கொதிநீரில் சாகின்றன. சீரகமும் பதிமுகமும் அந்தக் கொதித்த நீருக்கு மணமும் நிறமும் கொடுத்து, விரும்பிக் குடிக்கவைத்தன. நிறத்தைப் பார்த்தே இது கொதிக்கவைத்த தண்ணீர் என்று அடையாளம் காணவும் முடிந்தது.

மருந்துக் கட்சியார் கடைசியாக எடுத்து வைப்பது மரபு. உணவே மருந்து என்பது நம் முன்னோர் வாக்கு, சித்த மருத்துவம் சீரகத்தைப் போற்றுகிறது, நீங்கள் மரபை மறுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். மரபைச் சரியாகப் பார்த்தால் அது என் பக்கம் நிற்கிறது. சித்த மருத்துவத்தின் கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள், நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள். அவற்றை நிறுத்து, இடித்து, அளந்த நீரில் இட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்ச வேண்டும். யாருக்கு, எந்த நிலையில், எத்தனை நாள், எந்த அளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் அதை விருந்தாளிக்கு நீட்டியதில்லை. மருந்து வேறு, தாகத்துக்குக் குடிப்பது வேறு என்று அந்த மரபுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு சிட்டிகைச் சீரகத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதைச் சித்த மருத்துவம் என்று சொல்வது, சித்தர் வழி வந்தவர்களின் அளவுக்கும் பக்குவத்துக்கும் செய்யும் அவமரியாதை.

நம் மரபில் ருசிக்காகவே எடுத்த மணநீரும் தாராளமாக உண்டு. பெருமாள் கோயில் தீர்த்தத்தை எண்ணிப்பாருங்கள். துளசி, ஏலம், கிராம்பு, துளிப் பச்சைக் கற்பூரம் சேர்ந்த அந்த நீரை உள்ளங்கையில் ஒரு கரண்டி வாங்கியவர் அதன் ருசியை வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. பக்தியால் அதை வாங்குகிறார்கள், வாங்கியபின் மணத்தில் ஒரு கணம் நிற்கிறார்கள். அதில் ஒரு துளி இனிப்பில்லை. தமிழ் நாக்குக்குச் சர்க்கரையில்லாத மணநீரை ரசிக்கத் தெரியாது என்பவருக்கு இதைவிடப் பழைய பதில் வேண்டாம்.

என் வாதத்துக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்கிறேன். கலோரி இல்லாத தண்ணீர் எல்லா நேரத்துக்கும் ஏற்றதில்லை. வெயிலில் நாள் முழுக்கக் கட்டட வேலையும் வயல் வேலையும் செய்பவருக்கு வியர்வையில் போன உப்பும் உழைப்புக்கு ஆற்றலும் வேண்டும். நீராகாரமும் உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சித் தண்ணீரும் அவருக்கு உரியவை. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் பிற உப்புகளும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல்தான் உயிர் காக்கும். அந்த நேரத்தில் சீரகத் தண்ணீரை நம்பக் கூடாது. நான் பேசுவது மற்ற வேளைகளை: அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்றாவது டீயைக் கேட்கும் வேளை, பள்ளிவிட்டு வந்த பிள்ளை பாட்டில் பானத்தைத் தேடும் வேளை, விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கும் வேளை. தாகமும் தேவையும் இல்லாத இந்த வேளைகளிலும் சர்க்கரை உள்ளே போகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, மருந்து உண்பவர்கள் மருந்தை மருத்துவர் சொன்னபடி உண்ணட்டும். எந்தத் தண்ணீரையும் அதற்கு மாற்றாக யாருக்கும் பரிந்துரைக்க வேண்டாம், அப்படி வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். இரண்டாவது, வீட்டில் ஒரு ஜாடியை இதற்கென்று ஒதுக்குங்கள். இரண்டு லிட்டருக்குச் செலவு ஏறக்குறைய ஒரு ரூபாய்ச் சீரகம், அல்லது தொட்டியில் வளரும் ஒரு கொத்துத் துளசி. அதைச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். பயன்களைப் பட்டியலிடாமல் ஊற்றிக்கொடுங்கள். மூன்றாவது கோரிக்கை, கூட்டத்துக்குப் பரிமாறுபவர்களுக்கு. கல்யாண மண்டபத்தில் வரவேற்பு பானம் என்று சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்கள், அதன் பக்கத்தில் வெட்டிவேர்ப் பானை ஒன்றையும் எலுமிச்சைப்புல் போட்ட குளிர்நீர் ஒன்றையும் வைக்கட்டும். கோடையில் தண்ணீர்ப்பந்தல் போடும் கட்சிக்காரர்களும் மன்றங்களும் நன்னாரி வேர் ஊறிய பானையை வைக்கட்டும். பெற்றோர் சங்கங்கள் பள்ளி விழாக்களில் பாட்டில் பானத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கட்டும். பத்துப் பேரில் நான்கு பேர் அந்தப் பானையின் பக்கம் போனாலே, மூலிகைத் தண்ணீரை மருந்தென்று புகழ்ந்த இத்தனை ஆண்டுகளில் குறைக்க முடியாத சர்க்கரையை ஒரே பருவத்தில் குறைத்துவிடலாம்.